கடிகாரம் பார்க்கும் மீட்டர்

கடை வைத்திருக்கும் யாரிடமாவது வாடகை எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள், சட்டென்று பதில் வரும். கோழி கிலோ என்ன விலை, சமையல் எண்ணெய் என்ன விலை என்றாலும் விரல் நுனியில் வைத்திருப்பார். மின்கட்டணம்? போன மாதம் கட்டிய தொகையைச் சொல்லிவிடுவார். “அந்தத் தொகை எப்படி வந்தது?” என்று அடுத்த கேள்வியைக் கேட்டால்தான் பேச்சு நின்றுபோகும்.

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. பல ஆண்டுகளாக மின்சார பில் என்பது படிக்கும் தாள் அல்ல, கட்டும் தாள். மீட்டர் ஒரு எண்ணைக் காட்டும், அந்த எண்ணை விலையால் பெருக்குவார்கள், நாம் பணம் கட்டுவோம். அவ்வளவுதான் கதை.

2025 ஜூலை 1 முதல் தீபகற்ப மலேசியாவில் இந்தக் கதை மாறிவிட்டது. புதிய கட்டண அமைப்பு நடைமுறைக்கு வந்தபோது, வீடுகளுக்குப் பில் ஏறுமா இறங்குமா என்பதைப் பற்றித்தான் எல்லாரும் பேசினோம். வணிகர்களின் பில்லில் நடந்த மாற்றம் அதைவிடப் பெரியது. எவ்வளவு மின்சாரம் எடுத்தீர்கள் என்பதோடு, எந்த நேரத்தில் எடுத்தீர்கள், ஒரே நேரத்தில் எவ்வளவு இழுத்தீர்கள் என்ற கேள்விகளும் இப்போது பணமாக மாறுகின்றன.

இன்னொரு பக்கம், “பகலில் கரண்ட் விலை அதிகம், ராத்திரியில் மிஷினை ஓட்டுங்கள்” என்ற பழைய அறிவுரை பட்டறைகளிலும் சிறு தொழிற்சாலைகளிலும் இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்த அறிவுரையால் யாரோ ஒருவரின் தூக்கம் போகிறது, யாரோ ஒரு குழந்தை அப்பாவைக் காலையில் தூங்கும் முகமாக மட்டுமே பார்க்கிறது. அந்தத் தியாகத்துக்கு இப்போதும் பொருள் இருக்கிறதா? கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

விளம்பர நேரமும் மின்சார நேரமும்

வானொலியில் வேலை செய்கிறவர்களுக்கு இது எளிதில் புரியும். 30 விநாடி விளம்பரம் காலை 8 மணிக்கு ஒலித்தாலும் 30 விநாடிதான், அதிகாலை 3 மணிக்கு ஒலித்தாலும் 30 விநாடிதான். ஆனால் இரண்டுக்கும் ஒரே விலை கிடையாது. எல்லாரும் காரில் உட்கார்ந்து நெரிசலில் சிக்கியிருக்கும் நேரத்துக்குத்தான் போட்டி, அதற்குத்தான் விலை.

மின்சாரமும் அப்படித்தான். அதைப் பெரிய அளவில் சேமித்து வைப்பது செலவு பிடிக்கும் வேலை. ஆகவே நாடு எந்த நொடியில் எவ்வளவு கேட்கிறதோ, அந்த நொடியில் அவ்வளவையும் நிலையங்கள் உற்பத்தி செய்தாக வேண்டும். தீபகற்பத்தின் உச்சத் தேவை 2024இல் 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. ஆண்டில் சில மணி நேரம் மட்டுமே தொடும் அந்த உச்சத்துக்காக நிலையங்களையும் கம்பிகளையும் மின்மாற்றிகளையும் ஆண்டு முழுவதும் தயாராக வைத்திருக்க வேண்டும். அந்தச் செலவை யார் தலையில் கட்டுவது என்பதுதான் எல்லா நாடுகளிலும் உள்ள கேள்வி.

மாதம் ஒருமுறை எண்ணைக் குறித்துக்கொண்டு போகும் பழைய மீட்டரால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. மாதம் 3,000 யூனிட் ஓடியது என்று அது சொல்லும். மாலை 4 மணிக்கு ஓடியதா, விடியற்காலை 4 மணிக்கு ஓடியதா என்று அதற்குத் தெரியாது. அரை மணி நேரத்துக்கு ஒருமுறை பதிவு செய்யும் ஸ்மார்ட் மீட்டருக்கு அது தெரியும்.

அரை மணி நேரக் கணக்கு உலகத்துக்குப் புதிதல்ல. சிங்கப்பூரின் மொத்த மின்சந்தையில் 2003 முதலே அரை மணி நேரத்துக்கு ஒரு விலை நிர்ணயிக்கப்படுகிறது. பிரிட்டனில் பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் இருந்த அரை மணி நேரக் கணக்குத் தீர்வை, இப்போது சிறு கடைகள், வீடுகள் வரை கொண்டுபோகும் பணி நடக்கிறது. நம் நாட்டில் சிங்கப்பூரைப் போலக் கடைக்காரர் மின் விற்பனையாளரைத் தேர்ந்தெடுக்கும் முறை இல்லை. தீபகற்பத்தில் நமக்கு மின்சாரம் தருவது தெனாகா நேஷனல், கட்டணத்தை ஒழுங்குபடுத்துவது எரிசக்தி ஆணையம். ஆனாலும் கடிகாரத்தைப் பார்த்துக் கணக்குப் போடும் முறை இங்கும் வந்துவிட்டது.

பில்லைப் பிரித்துப் பார்த்தால்

முன்பு தெனாகாவின் பில்லில் வணிகம், தொழில்துறை, சுரங்கம் என்று தொழிலைப் பார்த்துப் பிரிவுகள் இருந்தன. உணவகம் ‘பி’ பிரிவு, சிறு தொழிற்சாலை ‘டி’ பிரிவு. இப்போது தொழில் என்ன என்பதைவிட, எந்த அழுத்தத்தில் மின்சாரம் வருகிறது என்பதே பிரிவைத் தீர்மானிக்கிறது. 1 கிலோவோல்ட்டுக்குக் கீழே என்றால் தாழ்வழுத்தம். பெரும்பாலான கடைகள், உணவகங்கள், சலூன்கள், பட்டறைகள் இதில்தான் வரும். அதற்கு மேலே நடுத்தர அழுத்தம், உயர் அழுத்தம். தொழிற்சாலைகள், பெரிய ஹோட்டல்கள், பேரங்காடிகள் அங்கே.

ஒரே விலையாக இருந்ததும் நான்காகப் பிரிந்துவிட்டது. தாழ்வழுத்த வணிகருக்கான பொதுக் கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். எரிசக்திக்கு யூனிட்டுக்கு 27.03 சென். உற்பத்தித் திறனுக்கு, அதாவது நிலையங்களைத் தயாராக வைத்திருப்பதற்கு, 8.83 சென். கம்பிகள், துணை நிலையங்கள் அடங்கிய கட்டமைப்புக்கு 14.82 சென். மீட்டர், பில், வாடிக்கையாளர் சேவைக்கு மாதம் 20 ரிங்கிட். முதல் மூன்றையும் கூட்டினால் யூனிட்டுக்கு 50.68 சென். ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறிய ‘ஐசிபிடி’ கூடுதல் கட்டணம் போய், மாதந்தோறும் மாறும் ‘ஏஎஃப்ஏ’ வந்திருக்கிறது. எரிபொருள் விலையும் நாணய மாற்று விகிதமும் ஏறி இறங்குவதற்கேற்ப இது பில்லில் கூடும் அல்லது குறையும். யூனிட்டுக்கு 3 சென் வரையிலான மாற்றம் தானாக நடக்கும். அதற்கு மேல் போனால் அரசாங்கத்தின் ஒப்புதல் வேண்டும்.

ஒரே வரிசையில் இரண்டு கடை

இந்த மாற்றத்தில் யாருக்கு லாபம், யாருக்கு நட்டம்? பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கடைகளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒன்று வாழையிலை உணவகம். இன்னொன்று மசாலா அரைத்துப் பொட்டலம் போடும் சிறு ஆலை. இரண்டும் மாதம் 3,000 யூனிட் எடுக்கின்றன.

உணவகம் முன்பு ‘பி’ பிரிவில் இருந்தது. முதல் 200 யூனிட்டுக்கு 43.5 சென், மீதிக்கு 50.9 சென். அதோடு யூனிட்டுக்கு 3.7 சென் ஐசிபிடி. மொத்தம் சுமார் 1,623 ரிங்கிட். புதிய முறையில் 50.68 சென் வீதம் 1,520.40 ரிங்கிட், அதோடு 20 ரிங்கிட் சேவைக் கட்டணம். மொத்தம் 1,540.40 ரிங்கிட். மாதம் 83 ரிங்கிட் அளவுக்கு மிச்சம்.

மசாலா ஆலை ‘டி’ பிரிவில் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். முதல் 200 யூனிட்டுக்கு 38 சென், மீதிக்கு 44.1 சென், அதே 3.7 சென் ஐசிபிடி. பழைய தொகை சுமார் 1,422 ரிங்கிட். புதிய தொகை உணவகத்துக்கு வந்த அதே 1,540.40 ரிங்கிட். மாதம் 118 ரிங்கிட்டுக்கு மேல் கூடுதல்.

புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதிக்கான 1.6 விழுக்காட்டையும், மாதா மாதம் மாறும் ஏஎஃப்ஏவையும் இதில் சேர்க்கவில்லை. ஆனாலும் படம் தெளிவாகத் தெரிகிறது. தொழில்துறை என்பதற்காகக் கிடைத்துவந்த சலுகை விலை சிறு ஆலைக்குப் போய்விட்டது. ஆலைக்காரர் “நான் ஒரு சுவிட்சைக்கூட அதிகம் போடவில்லையே, பில் ஏன் ஏறியது?” என்று கேட்டால், காரணம் சுவிட்சில் இல்லை, பிரிவில் இருக்கிறது.

மாதம் 200 யூனிட்டுக்குள் முடித்துக்கொள்ளும் மிகச் சிறிய கடைகளுக்கு மட்டும் யூனிட்டுக்கு 11 சென் சிக்கன ஊக்கச் சலுகை இருக்கிறது. பூக்கடை, தையல் கடை போன்றவர்கள் தங்கள் பில்லில் அது வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

உச்ச நேரம் இடம் மாறிவிட்டது

பழைய நேரக் கட்டணத்தில் காலை 8 மணி முதல் இரவு 10 மணி வரை உச்ச நேரம், அதாவது ‘பீக்’. இரவு 10 முதல் காலை 8 வரைதான் மலிவு. இதிலிருந்துதான் “ராத்திரியில் ஓட்டு” என்ற அறிவுரை பிறந்தது.

புதிய முறையில் உச்ச நேரம் திங்கள் முதல் வெள்ளி வரை, பிற்பகல் 2 மணியிலிருந்து இரவு 10 மணி வரை மட்டுமே. வார நாள்களில் காலை நேரம் முழுவதும், சனி ஞாயிறு முழுவதும், அறிவிக்கப்பட்ட பொது விடுமுறைகள் முழுவதும் உச்சமில்லா நேரம். வாரத்தில் மொத்தம் 168 மணி நேரம். அதில் உச்ச நேரம் வெறும் 40 மணி நேரம்.

தாழ்வழுத்த வணிகர்களும் விரும்பினால் இந்த நேரக் கட்டணத்துக்கு மாறலாம். அதில் எரிசக்தி விலை உச்ச நேரத்தில் 28.52 சென், மற்ற நேரத்தில் 24.43 சென். பொதுக் கட்டணமோ எந்நேரமும் 27.03 சென். உற்பத்தித் திறன், கட்டமைப்புக் கட்டணங்கள் இரண்டு முறையிலும் ஒன்றே.

மாறினால் லாபமா? கணக்கைப் போட்டால் விடை ஒரு வரியில் வந்துவிடும். உங்கள் மொத்தப் பயன்பாட்டில் உச்ச நேரத்தின் பங்கு 63 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தால் நேரக் கட்டணமே மலிவு. காலை பசியாறலுக்குத் திறந்து இரவு வரை ஓடும், சனி ஞாயிறும் திறந்திருக்கும் உணவகத்துக்கு அந்தப் பங்கு 63ஐத் தொடுவது கடினம். குளிர்பெட்டிகள் 24 மணி நேரமும் ஓடுகின்றன, வாரக் கடைசியில்தான் கூட்டம், காலையிலேயே சமையல் தொடங்கிவிடுகிறது. பங்கு 35 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், 3,000 யூனிட் எடுக்கும் கடைக்கு மாதம் சுமார் 35 ரிங்கிட் மிச்சம். ஆண்டுக்கு 420 ரிங்கிட்.

பெரிய தொகை இல்லைதான். ஆனால் இதற்காக அடுப்பை அணைக்க வேண்டாம், கடை நேரத்தை மாற்ற வேண்டாம், யாரையும் இரவில் விழிக்க வைக்க வேண்டாம். செய்ய வேண்டியது ஒரு விண்ணப்பம் மட்டுமே. வாரநாள் மாலையில் மட்டும் திறந்திருக்கும் டியூஷன் நிலையம் போன்றவர்கள் மட்டும் அவசரப்படக் கூடாது. அவர்களின் பயன்பாடு பெரும்பாலும் அந்த 40 மணி நேரத்துக்குள்ளேயே விழும். அவர்களுக்குப் பொதுக் கட்டணமே நல்லது.

தூக்கத்துக்கு என்ன விலை?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். ஒரு சலவைக் கடைக்காரர் உச்ச நேரத்தில் ஓடும் வேலையில் 500 யூனிட் அளவை இரவு 10 மணிக்குப் பிறகு தள்ளிவைக்கிறார் என்று கொள்வோம். உச்ச நேரத்துக்கும் மற்ற நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் யூனிட்டுக்கு 4.09 சென். ஆக, அவருக்கு மிச்சம் 20 ரிங்கிட் 45 சென், அதுவும் ஒரு மாதம் முழுவதற்கும்.

1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம் வாங்கும் ஊழியருக்கு ஒரு மணி நேரக் கூலி 8 ரிங்கிட் 17 சென். ஓவர்டைம் ஒன்றரை மடங்கு என்றால் 12 ரிங்கிட்டுக்குச் சற்று மேல். அதாவது, மாதத்தில் இரண்டே மணி நேரம் ஓவர்டைம் கொடுத்தால் மின்சாரத்தில் மிச்சம் பிடித்தது முழுவதும் போய்விடும். ஓவர்டைம் கொடுக்காமல் வேலை நேரத்தை மட்டும் இரவுக்கு நகர்த்தினால், அந்த 20 ரிங்கிட்டை உண்மையில் செலுத்துவது ஊழியரின் குடும்பம்.

தொழிற்சாலைகளில் இதே கணக்கு இன்னும் சுவாரஸ்யமானது. நடுத்தர அழுத்தத்தில் இருந்த ஆலைகளுக்குப் பழைய ‘இ2’ கட்டணத்தில் உச்ச நேரம் 35.5 சென், இரவு 21.9 சென். யூனிட்டுக்கு 13.6 சென் வித்தியாசம். பழைய ‘சி2’ வணிகக் கட்டணத்தில் 14.1 சென். இரவு ஷிப்டு போடுவதற்கு அது போதுமான காரணமாக இருந்தது. இப்போது அந்த வித்தியாசம் சுமார் 4 சென்னாகச் சுருங்கிவிட்டது. அதைவிட முக்கியமாக, அந்த மலிவு விலை இப்போது காலை 8 மணியிலிருந்து பிற்பகல் 2 மணி வரையிலும் கிடைக்கிறது.

மின்சாரத்தை மிச்சம் பிடிக்க மட்டுமே இரவு ஷிப்டு நடத்தும் ஆலை இருந்தால், அதன் முதலாளி இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். இரவில் செய்த வேலையை அதிகாலையிலும் முற்பகலிலும் செய்தாலும் விலை ஒன்றுதான். காலை 6 மணிக்குத் தொடங்கி 2 மணிக்கு முடியும் ஷிப்டில் வேலை செய்யும் அப்பா, பிள்ளை பள்ளியிலிருந்து வந்த பிறகு அதோடு உட்கார்ந்து சாப்பிட முடியும். ஆர்டர் அதிகம், இயந்திரம் நிற்கக் கூடாது என்பது போன்ற வேறு காரணங்களுக்காக இரவு ஷிப்டு தேவைப்படலாம். அது வேறு. மின்கட்டணத்தை அதற்குக் காரணமாகச் சொல்லும் காலம் முடிந்துவிட்டது.

அரை மணி நேரத்துக்கு 970 ரிங்கிட்

நடுத்தர அழுத்தத்தில் இருக்கும் நிறுவனங்களுக்கு உண்மையான பணம் வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது. பில்லில் அது ‘மேக்சிமம் டிமாண்ட்’ என்று வரும். உச்சத் தேவை என்போம்.

இதை அளப்பது இப்படித்தான். மீட்டர் அரை மணி நேரத்துக்கு ஒருமுறை, அந்த அரை மணியில் எத்தனை யூனிட் ஓடியது என்று பதிகிறது. மாதத்திலேயே அதிகமாக ஓடிய ஓர் அரை மணி நேரத்தை எடுத்து, அதை இரண்டால் பெருக்குகிறார்கள். 60 யூனிட் ஓடியிருந்தால் உச்சத் தேவை 120 கிலோவாட். நேரக் கட்டணத்தில் இருப்பவர்களுக்கு உச்ச நேரத்துக்குள் விழும் அரை மணிகள் மட்டுமே இதற்குக் கணக்கு.

பழைய ‘சி2’ கட்டணத்தில் ஒரு கிலோவாட்டுக்கு மாதம் 45.10 ரிங்கிட். புதிய நடுத்தர அழுத்த நேரக் கட்டணத்தில் உற்பத்தித் திறனுக்கு 30.19, கட்டமைப்புக்கு 66.87 என மொத்தம் 97.06 ரிங்கிட். இரு மடங்குக்கு மேல். இதற்கு ஈடாக யூனிட் விலை இறங்கியிருக்கிறது. பழைய கூடுதல் கட்டணமான 16 சென்னும் தனியாக வருவதில்லை. ஆகவே மின்சாரத்தைச் சீராக எடுப்பவருக்குப் பில் குறையலாம், திடீர் திடீரென்று இழுப்பவருக்கு ஏறலாம்.

எப்போது திடீரென்று இழுக்கிறோம்? மதிய உணவு இடைவேளை முடிந்து எல்லாரும் உள்ளே வருகிறார்கள். மணி 2. குளிரூட்டி, கம்ப்ரெசர், அடுப்பு, அரவை இயந்திரம் என எல்லாவற்றையும் ஒன்றாகத் தட்டிவிடுகிறார்கள். சரியாக அந்த நிமிடத்தில்தான் உச்ச நேரம் தொடங்குகிறது. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பிறகு வேலை மீண்டும் தொடங்கும்போதும் இதுவே நடக்கும். அந்த ஒரே அரை மணியில் வழக்கத்தைவிட 10 கிலோவாட் கூடினால், அதற்கான தொகை 970 ரிங்கிட் 60 சென். மாதம் முழுவதும் கவனமாக இருந்துவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை 3 மணிக்கு அதை இழந்துவிடலாம்.

மோட்டாரைத் தட்டும்போது சில விநாடிகள் கூடுதலாக இழுக்குமே, அதுதான் பில்லை ஏற்றுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அரை மணிக்கான சராசரியில் அந்தச் சில விநாடிகள் கரைந்துவிடும். எல்லா இயந்திரங்களும் ஒன்றாக, தொடர்ந்து ஓடும் அரை மணிதான் விலையை ஏற்றுகிறது. ஆகவே தீர்வும் எளிது. அதிக மின்சாரம் இழுக்கும் இயந்திரங்களை ஒன்றன்பின் ஒன்றாக, அரை மணி இடைவெளி விட்டு இயக்கலாம். குளிர்சாதன அறையை 2 மணிக்கு முன்பே நன்றாகக் குளிர வைத்துவிடலாம். இதற்கு யாருடைய ஷிப்டையும் மாற்ற வேண்டாம். சுவிட்ச் பலகைக்குப் பக்கத்தில் எது முதலில், எது அடுத்து என்று ஒரு தாளை ஒட்டி வைத்தால் போதும்.

கூரையில் சூரியன்

சூரிய மின்தகடு விற்பவர்கள் காட்டும் கணக்கையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். தகடு உற்பத்தி செய்யும் யூனிட்டுகளால் எரிசக்திக் கட்டணம் குறையும், அது உண்மை. ஆனால் நடுத்தர அழுத்த வாடிக்கையாளருக்கு உச்ச நேரம் இரவு 10 மணி வரை நீள்கிறது. சூரியனோ 7 மணிவாக்கில் விடைபெற்றுவிடும். அதன் பிறகு உங்கள் கடையில் எழும் உச்சத் தேவையைத் தகடு குறைக்காது. மேகம் மூடிய பிற்பகலிலும் அப்படியே. ஆகவே விற்பனையாளரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: “இந்தக் கணக்கு 2025 ஜூலைக்கு முந்தைய கட்டணத்தில் போட்டதா, புதிய கட்டணத்தில் போட்டதா?” பதில் வர நேரம் எடுத்தால் நீங்களும் கையெழுத்துப் போட நேரம் எடுத்துக்கொள்ளலாம்.

இந்த வாரம் செய்யக்கூடியவை

முதலில், கடைசி மூன்று மாத பில்லை எடுத்துவையுங்கள். எந்தப் பிரிவு, எந்த அழுத்தம், பொதுக் கட்டணமா நேரக் கட்டணமா என்பது அதிலேயே இருக்கும். ஏஎஃப்ஏ ஒரு சென் மாறினால் உங்களுக்கு எவ்வளவு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 3,000 யூனிட் கடைக்கு அது 30 ரிங்கிட். தானாக நடக்கக்கூடிய 3 சென் மாற்றம் என்றால் 90 ரிங்கிட். மாத வரவு செலவில் அந்த அளவுக்கு இடம் விட்டு வைப்பது நல்லது.

அடுத்து, உங்கள் கடையில் ஸ்மார்ட் மீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். மலாக்காவில் பெரிய அளவில் தொடங்கிய அந்தப் பணி தீபகற்பம் முழுவதும் பரவிவருகிறது. இருந்தால் மைடிஎன்பி செயலியில் அன்றாடப் பயன்பாட்டைப் பார்க்கலாம். கடை மூடிய பிறகும் பயன்பாடு குறையவில்லை என்றால், எந்தக் குளிர்பெட்டியின் கதவு சரியாக மூடவில்லை, எந்த விளக்கு விடிய விடிய எரிகிறது என்று தேட வேண்டியதுதான். அங்கே மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் முழுசாக ஏறத்தாழ 50 சென் கையில் நிற்கும். நேரத்தை மாற்றினால் கிடைப்பது 4 சென்தான். எங்கே கவனம் செலுத்த வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை இல்லை.

நடுத்தர அழுத்தத்தில் இருப்பவர்கள் தங்கள் அரை மணி நேரப் பதிவைத் தெனாகாவிடம் கேட்டு வாங்குங்கள். மாதத்தின் மிக உயர்ந்த அரை மணி எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு விழுந்தது என்று பாருங்கள். பிறகு அந்த நேரத்தில் வேலையில் இருந்தவர்களிடம் அன்று என்ன நடந்தது என்று கேளுங்கள். இயந்திரத்தைத் தட்டுகிறவருக்குத்தான் அது தெரியும், கணக்காளருக்குத் தெரியாது.

வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஸ்மார்ட் மீட்டர் உள்ள வீடுகளும் நேரக் கட்டணத்தைத் தேர்ந்தெடுக்கலாம். வித்தியாசம் அங்கும் அதே 4.09 சென். மின்கார் வைத்திருந்து மாதம் 300 யூனிட் ஏற்றுபவர் 10 மணிக்குப் பிறகு ஏற்றினால் 12 ரிங்கிட் மிஞ்சும். டைமரை வைத்துவிட்டுத் தூங்கப் போகலாம். ஒரு முறை துணி துவைக்க ஒரு யூனிட் ஆகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 4 சென்னுக்காக அம்மா இரவு 11 மணி வரை காத்திருக்கத் தேவையில்லை.

சபா, சரவாக் வாசகர்களுக்கு இந்த எண்கள் பொருந்தாது. அங்கே மின் நிறுவனமும் கட்டணமும் வேறு.

மீட்டர் இனி கடிகாரம் பார்க்கும், அதை நாம் நிறுத்த முடியாது. அதற்குப் பயந்து இரவைப் பகலாக்கவும் வேண்டாம். கடையில் இருக்கும் யாராவது ஒருவர், கணக்கு நன்றாக வரும் மகளோ மருமகனோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பில்லை எடுத்து வைத்துக்கொண்டு உட்காரட்டும். ஞாயிறு முழுவதும் உச்சமில்லா நேரம்தான். விசிறியைக் கொஞ்சம் வேகமாகவே வைத்துக்கொள்ளலாம்.